குறுங்கோள் கோளாகுமா? புளூட்டோவை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

விண்ணில் ஒளிர்வன யாவற்றையும் 'மீன்' என்னும் ஒரே சொல்லால் சுட்டிய நம் முன்னோர், அவற்றுள் இருவகை உண்டு என்பதையும் உணர்ந்திருந்தனர். தமக்குள் இடைவெளி மாறாமல் கூட்டமாக உதித்துக் கூட்டமாக மறைவன ஒருவகை. அவற்றினிடையே நாள்தோறும் சிறிது சிறிதாக இடம்பெயர்ந்து செல்வன மற்றொரு வகை. முன்னவற்றை நாண்மீன் என்றும் பின்னவற்றைக் கோண்மீன் என்றும் சங்கச் சான்றோர் வழங்கினர். பட்டினப்பாலையில் இவ்விரு சொற்களும் அருகருகே நிற்கக் காணலாம்.

கோள் என்பது 'கொள்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு என்பது கேடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, கொள் என்பது கோள் ஆயிற்று. பற்றிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். வடமொழியின் கிரகம் என்னும் சொல்லும் பற்றுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்தே வந்தது. கிரேக்கர் இவற்றை அலைந்து திரிவன என்றனர். அரபியர் 'சையாரா' என்றனர். ஓயாமல் செல்வது என்பது அதன் பொருள். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம் பகுதிப் பெரியவர்களைக் கேட்டால், சையாரா என்றால் கார் என்பார்கள். அதுவும் சரியே. சொல் பழையது, அது சுமந்து செல்லும் பொருள் புதியது. நம் கடற்கரை மீனவர் பேச்சிலோ விண்மீன் எதுவாயினும் 'வெள்ளி' எனப்படுவதுண்டு. மீன் என்னும் சொல் அவர்களுக்கு வலைக்குள் இருக்கிறது.

ஒரு சொல்லின் பொருள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப விரிவதும் சுருங்குவதும் மொழி பயில்வோர்க்குப் புதிதன்று. அவ்வாறு ஒரு சொல்லின் எல்லை மாறியதால்தான் புளூட்டோ கோள் என்னும் பெயரை இழந்தது. 1930 முதல் 2006 வரை 76 ஆண்டுகள் உலகெங்கும் மாணவர் ஒன்பது கோள்களை மனப்பாடம் செய்தனர். இன்றைய பாடநூல்களில் எட்டே உள்ளன. மாணவர்கள், "புளூட்டோ செய்த குற்றம் என்ன?" என்று கேட்கின்றனர். பெரியவர்கள் சிலர், "நேற்று ஒன்பது, இன்று எட்டு, நாளை எத்தனையோ?" என்று அறிவியலின் மீதே ஐயம் கொள்கின்றனர். தமிழ்த்துறையாருக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவோரும் உண்டு. புளூட்டோவின் உருவில் எம்மாற்றமும் நிகழவில்லை, மாறியது பெயர். பெயரைப் பற்றிய வழக்கு எனின், அதில் பேசத் தமிழாசிரியருக்கும் உரிமை உண்டு.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நன்று. நவக்கிரகம் என்னும் மரபுவழிக் கணக்கில் வரும் ஒன்பதும், அறிவியல் நூல்களில் அண்மைக்காலம் வரை இருந்த ஒன்பதும் வேறு வேறு. முன்னதில் ஞாயிறும் திங்களும் உண்டு. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஐந்தும் உண்டு. திங்களின் பாதை ஞாயிற்றின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளாகிய இராகு, கேது என்பனவும் உண்டு. நாம் நிற்கும் பூமி அதில் இல்லை. யுரேனசு 1781இலும் நெப்டியூன் 1846இலும் கண்டறியப்பட்டவை. அவையும் அதில் இல்லை. எண்ணிக்கை ஒன்றாக இருந்தது தற்செயலே. ஆகவே புளூட்டோ விலகியதால் நவக்கிரகத்துள் ஒன்று குறைந்தது என எண்ணுவதற்கு இடமில்லை.

சென்னையில் கண்டறியப்பட்ட கோள்

ஒரு கோள் தன் பெயரை இழப்பது இதுவே முதன்முறை அன்று. முந்திய நிகழ்ச்சியில் நம் சென்னைக்கும் பங்குண்டு.

1801ஆம் ஆண்டின் முதல் நாளன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் வானியலார் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு சிறு ஒளிப்புள்ளி நகர்வதைக் கண்டார். அதற்குச் சீரசு எனப் பெயரிட்டனர். கோள் என்று போற்றினர். அடுத்த ஆறாண்டுகளுள் பல்லசு, யூனோ, வெசுட்டா என மூன்று கிடைத்தன. அவையும் கோள்களே ஆயின. நெப்டியூன் அறியப்படுவதற்கு முன்பே பாடநூல்கள் 11 கோள்களைக் கூறின. 1845க்குப் பின் தொலைநோக்கிகளும் விண்மீன் படங்களும் திருந்தவே, ஆண்டுதோறும் புதியன வந்து குவிந்தன.

அக்காலத்தில் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் இயங்கிவந்தது. அதன் கருங்கல் தூண், 1792ஆம் ஆண்டைத் தாங்கித் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் கல்வெட்டுடன் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே அரசு வானியலாராகப் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு புதிய பொருளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது ஆதலின் அதற்கு 'ஆசியா' என்றே பெயர் சூட்டினார். சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என மேலும் நான்கினை 1864க்கும் 1885க்கும் இடையே அவர் சென்னையிலிருந்தே கண்டறிந்தார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டவர்; 1874இல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்த நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதி, உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளியிட்டவர். அறிவியலை நாட்டு மொழிகளில் கொண்டுசெல்லும் முயற்சிக்கு அவரை முன்னோடி எனல் தகும்.

ஆசியாவுக்கு வரிசையில் கிடைத்த எண் 67. அறுபத்தேழு கோள்களை எந்த மாணவர் மனப்பாடம் செய்வார்? எண்ணிக்கை பெருகியது மட்டுமே காரணமன்று. இவை தனித்தனி உலகங்கள் அல்ல, ஒரே வட்டாரத்தில் திரியும் ஒரு பெருங்கூட்டத்தின் உறுப்பினர் என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. எனவே அவை கோள்களின் வரிசையிலிருந்து மெல்ல விலக்கப்பட்டன. மாநாடும் வாக்கெடுப்பும் இல்லாமலேயே இது நடந்தேறியது. தமிழில் அவற்றைச் சிறுகோள் என்கிறோம். போக்சனுக்குப் பின் ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1988இல், சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் இராசமோகன் தலைமையிலான குழுவினர் மற்றொரு சிறுகோளைக் கண்டறிந்து, கணித மேதை இராமானுசன் பெயரைச் சூட்டினர். அதன் வரிசை எண் 4130. அதனைக் கோள் என அழைக்கவேண்டும் என யாரும் வழக்காடவில்லை.

சீரசு கோளாயிருந்து சிறுகோளான வரலாறு அறிந்தோர்க்குப் புளூட்டோவின் வரலாறு வியப்பளிக்காது. முன்னதில் அரை நூற்றாண்டில் முடிந்தது பின்னதில் முக்கால் நூற்றாண்டு நீண்டது, அவ்வளவே வேறுபாடு.

அளக்க அளக்கக் குறைந்த பொருள்

யுரேனசின் ஓட்டத்தில் தோன்றிய சிறு பிறழ்ச்சிக்கு நெப்டியூனுக்கு அப்பால் உள்ள ஒரு பெருங்கோளே காரணம் என அமெரிக்கரான பெர்சிவல் லோவல் கணித்தார். அது பூமியைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நிறையுடையது என்பது அவர் மதிப்பீடு. அவர் மறைந்தபின் அவர் நிறுவிய அரிசோனா வானாய்வகத்தில் தேடல் தொடர்ந்தது. கல்லூரிப் படியேறாத உழவர் குடும்பத்து இளைஞராகிய கிளைடு டோம்பா அப்பணிக்கு அமர்த்தப்பட்டார். வானின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இருமுறை படமெடுத்து, இரு தகடுகளையும் மாறிமாறி நோக்கி, ஆயிரக்கணக்கான புள்ளிகளுள் இடம்பெயர்ந்தது எதுவெனத் தேடுவதே அவர் வேலை. 1930 பிப்ரவரி 18 அன்று அத்தகைய ஒரு புள்ளி அவர் கண்ணில் பட்டது. அப்போது அவர் வயது 24. ஆக்சுபோர்டு நகரின் பதினொரு வயதுச் சிறுமி வெனிசியா பர்னி மொழிந்த புளூட்டோ என்னும் பெயர் ஏற்கப்பட்டது.

தேடியது பெருங்கோள் ஆதலின், கிடைத்ததும் பெருங்கோளே என நம்பினர். ஆனால் அளக்குந்தோறும் அது குறைந்துகொண்டே வந்தது. தொடக்கத்தில் பூமியளவு நிறை என்றனர். 1940களின் இறுதியில் பூமியில் பத்தில் ஒரு பங்கு என்றனர். 1976இல் நூற்றில் ஒன்று என்றனர். 1978இல் அதன் துணையாகிய சாரன் கண்டறியப்பட்டதும் நிறையைத் துல்லியமாகக் கணக்கிட வழி பிறந்தது. பூமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்குதான் அது. நம் திங்களின் நிறையில் ஆறில் ஒரு பங்கு எனில் எளிதில் விளங்கும். குறுக்களவும் 2,376 கிலோமீட்டரே, திங்களுடையது 3,474. லோவல் கண்ட பிறழ்ச்சியும் இல்லாத ஒன்றாயிற்று. 1989இல் வாயேஜர் விண்கலம் நெப்டியூனை அணுகி அதன் நிறையைத் திருத்தி அளந்தபின், யுரேனசின் கணக்கு நேராகிவிட்டது. தவறான கணக்கைத் துணையாகக் கொண்டு தேடி, உண்மையான ஒரு பொருளைக் கண்டடைந்த விந்தை இது.

ஓட்டத்திலும் புளூட்டோ பிறவற்றோடு ஒத்துச் செல்வதில்லை. மற்றவை ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்ற, இது 17 பாகை சாய்ந்து சுற்றுகிறது. ஞாயிற்றை ஒருமுறை வலம்வர 248 ஆண்டு ஆகிறது. அதன் பாதை நீள்வட்டமாதலின், 1979 முதல் 1999 வரை நெப்டியூனைவிட ஞாயிற்றுக்கு அருகில் இருந்தது. அந்நாளில் பள்ளியில் பயின்றோர் ஒன்பதாம் கோள் நெப்டியூன் என விடையெழுதியிருந்தாலும் தொலைவுக் கணக்கில் பிழையில்லை. மதிப்பெண் கிடைத்திருக்குமா என்பது வேறு.

இவ்வளவு இருந்தும் தனியொன்றாய் நின்றவரை அதன் பெயருக்கு இடையூறு நேரவில்லை. 1992 ஆகஸ்டில் டேவிட் ஜூவிட், ஜேன் லூ என்னும் இருவர் நெப்டியூனுக்கு அப்பால் மற்றொரு சிறு பொருளைக் கண்டனர். பின்னர் அவ்வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானவை வெளிப்பட்டன. அதனைக் கைப்பர் வளையம் என்கிறோம். சீரசுக்கு நேர்ந்தது புளூட்டோவுக்கும் நேர்ந்தது. தனிக்குடித்தனம் என்று நினைத்தது ஒரு பேரூரின் ஒரு வீடு எனத் தெரியவந்தது. 2005இல் மைக்கேல் பிரவுன் குழுவினர் ஈரிசு என்னும் பொருளை அறிவித்தனர். அதன் நிறை புளூட்டோவினும் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. இனி இரண்டே வழி. ஈரிசையும் அதன்பின் வரக்கூடியவற்றையும் கோள் எனல் வேண்டும். இல்லையேல் புளூட்டோவையும் விலக்கல் வேண்டும்.

பிராக் நகரத்து வாக்கெடுப்பு

கோள் என்பதற்கு அதுவரை எழுதப்பட்ட இலக்கணமே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பல் நம் மரபு. கோளுக்கும் இலக்கணம் பின்னரே பிறந்தது. 2006 ஆகஸ்டில் செக் நாட்டின் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் இதனை எடுத்துக்கொண்டது. முதலில் வைக்கப்பட்ட முன்மொழிவு கோள்களைக் குறைக்கவில்லை. சீரசு, சாரன், ஈரிசு மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கியது. கடும் எதிர்ப்பெழவே அது மாற்றப்பட்டது. ஆகஸ்ட் 24 அன்று நிறைவேறிய தீர்மானம் கோளுக்கு மூன்று இயல்புகளைக் கூறுகிறது. அது ஞாயிற்றைச் சுற்றவேண்டும். தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெறுமளவு நிறை வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தைப் பிற பொருள்கள் இன்றித் தூய்மை செய்திருக்கவேண்டும்.

முதலிரண்டும் புளூட்டோவுக்கு உண்டு. தவறியது மூன்றாவதில். இதனைச் சற்று விளக்கவேண்டும். 'தூய்மை செய்தல்' என்பது பலரை மயங்கவைக்கிறது. ஒரு பெருங்கோள் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே பாதையில் சுற்றும்போது, வழியில் உள்ள சிறு பொருள்கள் அதனோடு மோதி ஒன்றாகும். அல்லது அதன் ஈர்ப்பால் வெகுதொலைவு வீசியெறியப்படும். அல்லது அதன் ஓட்டத்துக்கு இயைய ஓடும்படி கட்டுப்படும். பூமியின் நிறை, அதன் பாதை வட்டாரத்தில் உள்ள பிற பொருள்களின் மொத்த நிறையைப் போல் ஏறத்தாழ 17 இலட்சம் மடங்கு. புளூட்டோவின் நிறையோ, தன் வட்டாரத்துப் பிறவற்றின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் ஐயத்துக்கிடமான நிலையில் எதுவும் இல்லை. எட்டுக் கோள்கள் ஒருபுறம், எஞ்சியவை நெடுந்தொலைவு தள்ளி மறுபுறம். இந்தப் பெரும்பிளவே தீர்மானத்தின் வலுவான பகுதி என நாம் கருதுகிறோம்.

"புளூட்டோ நெப்டியூனின் பாதைக்குள் வருகிறதே, அப்படியாயின் நெப்டியூனும் தூய்மை செய்யவில்லை அன்றோ?" என்று கூர்மதி மாணவர் வினவக்கூடும். நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. ஆதலால் இரண்டும் ஒருபோதும் நெருங்குவதில்லை. அவ்வாறு காலம் வகுத்தது புளூட்டோவைப்போல் ஏறத்தாழ 8,000 மடங்கு நிறையுடைய நெப்டியூனின் ஈர்ப்பு. ஆள்வது நெப்டியூன், ஆளப்படுவது புளூட்டோ.

கோள் என்பதற்குப் பற்றிக்கொள்ளுதல் என்று பொருள் கண்டோம். தன் சுற்றுப்புறத்தைத் தன்வயப்படுத்திக் கொள்வதே கோள் என்கிறது மூன்றாம் இயல்பு. இரண்டும் இயைந்து வருவது கண்டு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் இதனை அறிந்திருந்தனர் என முழங்க நம்மவர் சிலர் விரும்பக்கூடும். வேண்டா. ஈர்ப்பு விசையின் கணக்கு நியூட்டனுக்குப் பிற்பட்டது. சொல் அழகாக இயைகிறது என்று மகிழலாம். அதனைச் சான்றாக்கினால் தமிழுக்குப் பெருமை சேராது.

தீர்மானத்துக்கு எதிர்ப்பும் உண்டு. பல்லாயிரம் உறுப்பினர் உள்ள ஒன்றியத்தில் இறுதி நாள்களில் எஞ்சியிருந்து வாக்களித்தோர் 424 பேரே. ஞாயிற்றை மட்டுமே குறிப்பதால் பிற விண்மீன்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான கோள்களுக்கு இவ்விலக்கணம் பொருந்தாது. ஒரு பொருள் எங்கே சுற்றுகிறது என்பதைவிட அது எத்தகையது என்பதே முதன்மை எனக் கூறும் புவியியற்பியலார் பலர் புளூட்டோவை இன்றும் கோள் என்றே எழுதுகின்றனர். டோம்பா அதனைக் கண்ட அரிசோனா மாநிலம், 2024இல் புளூட்டோவைத் தன் மாநிலக் கோளாகச் சட்டமியற்றியே அறிவித்துக்கொண்டது. அதனை ஊர்ப்பற்று என்று கொள்வதே பொருத்தம்.

பண்புத்தொகையின் சிக்கல்

முதலிரு இயல்பும் இருந்து மூன்றாவது இல்லாதவற்றுக்குப் பிராக் தீர்மானம் தனி வகுப்பு ஏற்படுத்தியது. தமிழில் அதனைக் குறுங்கோள் என்கிறோம். இங்கேதான் நம் துறைக்குரிய சிக்கல் எழுகிறது. குறுமை + கோள் என்பது பண்புத்தொகை. செந்தாமரை தாமரையே, கருங்குதிரை குதிரையே, அடை வந்ததால் அடைகொளி தன் இனம் இழப்பதில்லை. எனின், குறுங்கோளும் கோளே ஆதல் வேண்டும். தீர்மானமோ குறுங்கோள் கோள் அன்று என்கிறது.

ஆங்கிலத்திலும் இதே இடர்ப்பாடு தோன்றியது. அங்கேயும் பெயர், அடையும் கோள் என்னும் சொல்லும் சேர்ந்ததே. ஆகவே எட்டுக் கோள்களுக்கு 'மரபுக் கோள்' என்பதுபோல் ஓர் அடைமொழி கொடுத்து, கோள் என்பதைப் பொதுப்பெயராக்கிப் புளூட்டோவையும் அதனுள் அடக்கலாம் என ஒரு திருத்தம் அதே நாளில் வைக்கப்பட்டது. வானியலார் ஜோசலின் பெல் பர்னெல் அம்மையார் ஒரு குடையை விரித்து, அதன்கீழ் இருவகையும் நிற்கலாம் என அவையோர்க்கு விளக்கினார். திருத்தம் தோற்றது. ஓர் அடைமொழி வாக்கெடுப்பில் தோற்றதால் புளூட்டோ குடைக்கு வெளியே நின்றது. இலக்கணம் படித்து என்ன பயன் என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நம் வழக்கில் இதற்கு விடை உண்டு. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, மணமேல்குடியை ஒட்டிய பாக் விரிகுடாவில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு பசு அன்று. அதனைக் கறக்கலாம் என எண்ணுவார் இலர். இதே கடலில் வலையில் ஏறும் கடற்குதிரை குதிரை அன்று, மீன். விண்மீனோ மீனே அன்று. இவை உவமையால் அமைந்த பெயர்கள். தொகையின் உறுப்புகளைப் பிரித்துப் பொருள்கொள்ளாமல் முழுச்சொல்லாகக் கொள்ளத்தக்கவை. குறுங்கோளையும் இவ்வரிசையில் வைத்தால் இடர் நீங்கும். எனினும் வேறொரு குறை எஞ்சுகிறது. சிறுமையும் குறுமையும் ஏறக்குறைய ஒருபொருட் சொற்கள். ஆகவே சிறுகோளும் குறுங்கோளும் மாணவர் விடைத்தாளில் அடிக்கடி இடம்மாறுகின்றன. சீரசோ உருண்டையாயிருத்தலின் 2006இல் குறுங்கோள் நிலைக்கு உயர்ந்தது. அதே தீர்மானம் புளூட்டோவைத் தாழ்த்தியது. இரண்டும் இன்று ஒரே வகுப்பில் உள்ளன. ஈரிசு, அவுமியா, மக்கிமக்கி என்பவற்றையும் சேர்த்து ஒன்றியம் ஏற்ற குறுங்கோள்கள் ஐந்து.

கோள் என்ற பெயர் போனபின்புதான் புளூட்டோ நமக்கு நன்கு அறிமுகமாயிற்று. டோம்பாவின் சாம்பலில் ஒரு சிறு பகுதியைச் சுமந்துகொண்டு 2006 ஜனவரியில், தீர்மானத்துக்கு ஏழு மாதம் முன்னதாகப் புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், 2015 ஜூலை 14 அன்று அதனை நெருங்கிக் கடந்தது. உறைந்த நைட்ரசனாலாகிய பரந்த வெண்சமவெளியும், அதன் ஓரங்களில் பாறைபோல் இறுகிய நீர்ப்பனியாலாகிய மலைகளும் படங்களில் தெரிந்தன. மலைகளுக்கு 2017இல் ஒன்றியம் பெயர் சூட்டியபோது, எவரெசுட்டு ஏறிய டென்சிங்கின் பெயர் ஒரு தொடருக்கு வைக்கப்பட்டது. மற்றொன்றுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரபுப் புவியியலார் அல் இத்ரீசியின் பெயர். சிசிலி மன்னர் இரண்டாம் ரோசருக்காக அவர் தம் உலகப்படத்தை 1154இல் முடித்துக்கொடுத்தார். அவர் அமர்ந்து அப்படத்தை வரைந்த நகரம், பின்னாளில் சீரசு கண்டறியப்பட்ட அதே பலெர்மோ.